படமும் பெயரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், புகைப்படக் கலை தோன்றிய முதல் ஐம்பது ஆண்டுகளில் எடுக்கப்பெற்ற பெண்களின் உருவப் படங்களைப் பற்றியது. அத்தகைய படங்கள் பல இன்று அமெரிக்க நாட்டுக் கலைக்கூடங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் பாதுகாக்கப்படுகின்றன. அமெரிக்காவில் உள்ள படங்களுக்கும் தாமிரவருணிக் கரையில் ஏரலில் இருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்று நம் நாட்டுப் பெண் ஒருவரைக் காட்டுகிறது. வேறு சில, நம் தூத்துக்குடிக் கடலுக்கு அக்கரையில் வாழ்ந்த பெண்களைக் காட்டுகின்றன. இது முதல் தொடர்பு. அப்படங்களின் வரலாற்றை அறிந்தவர், தம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படத்தை வேறு கண்கொண்டு பார்ப்பர். இது இரண்டாவது.

முதலில், அக்காலத்தில் படம் எடுத்த முறையைச் சிறிது அறிந்துகொள்வோம். பிரெஞ்சு நாட்டவரான தாகேர் என்பவர் கண்ட முறை 1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசி மெருகேற்றிய செப்புத் தகட்டின்மேல் ஒளியால் உருவம் பதியும் முறை அது. ஒளியை ஏற்கும் ஆற்றல் அத்தகட்டிற்குக் குறைவு. ஆகவே படம் எடுக்கப்படுபவர் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் பேராசிரியர் அந்தத் தொடக்க நாள்களிலேயே தம் தமக்கை டாரதியைப் படம் எடுத்தார். அந்தப் பெண் வெயிலில் ஒரு நிமிடத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்திருக்க நேர்ந்தது. பெண்களின் உருவப் படங்களுள் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. பழைய படங்களில் மனிதர் சிரிப்பதில்லையே, ஏன் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். சிரிப்பை ஒரு நிமிடம் ஒரே நிலையில் நிறுத்திவைத்துப் பாருங்கள். காரணம் தானே விளங்கும். தலை ஆடாதிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்துவதும் அக்கால வழக்கம்.

தாகேரின் முறையில் ஒரு தகட்டிற்கு ஒரே படந்தான் கிடைக்கும். படி எடுக்க இயலாது. 1851இல் ஆங்கிலேயரான ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். ஒரு கண்ணாடியிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் காகிதத்தில் எடுக்கலாம் என்னும் நிலை பிறந்தது. 1854இல் பாரிஸில் திஸ்தேரி என்பவர் உள்ளங்கையில் அடங்கும் சிறு அட்டைப் படங்களுக்கு உரிமை பெற்றார். விலை மலிந்தது. அதுவரை ஓவியனுக்குப் பொருள் கொடுக்கவல்ல செல்வர்க்கே உரியதாயிருந்த உருவப் படம், கடையில் வாங்கத்தக்க பொருளாயிற்று. அரசியின் படமும் விற்றது. நடிகையின் படமும் விற்றது. அடிமையாய்ப் பிறந்த பெண்ணின் படமும் விற்றது.

அந்த அடிமைப் பெண்ணைப் பற்றித்தான் முதலிற் சொல்லப் போகிறேன்.

1797ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் இசபெல்லா என்னும் பெண் அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே விற்கப்பட்டார். மீண்டும் மீண்டும் கைமாறினார். 1826இல் கைக்குழந்தையுடன் வெளியேறி விடுதலை பெற்றார். தம் மகன் அலபாமா மாநிலத்திற்குச் சட்டத்திற்கு மாறாக விற்கப்பட்டதை அறிந்து, நீதிமன்றம் ஏறி அவனை மீட்டார். கறுப்பினப் பெண் ஒருத்தி வெள்ளையர்மீது வழக்காடி வெல்வது அந்நாளில் எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1843இல் தமக்குத் தாமே ஒரு பெயர் சூட்டிக்கொண்டார். சோஜர்னர் ட்ரூத் என்பது அப்பெயர். வழிப்போக்கராய் உண்மையைச் சொல்லிச் செல்பவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஊர் ஊராகச் சென்று அடிமை முறையை எதிர்த்தும் பெண்ணுரிமைக்காகவும் பேசினார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் ஒரு படத்திற்கு என்ன ஆற்றல் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். 1860களில் அட்டைப் படங்களுக்கு அமர்ந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, தோளில் போர்வை, கண்ணில் மூக்குக் கண்ணாடி, கையில் பின்னல் வேலை என்று மதிப்பிற்குரிய ஒரு மூதாட்டியாகத் தம்மைக் காட்டிக்கொண்டார். கூட்டங்களில் அப்படங்களை விற்று அப்பொருளால் வாழ்ந்தார். தம் உடலைக் காப்பதற்காகத் தம் நிழலை விற்பதாகப் பொருள்படும் ஒரு வாசகத்தை அப்படங்களின் அடியில் தம் பெயருடன் அச்சிடச் செய்தார். நாம் நிழற்படம் என்று சொல்லுகிறோமே, அச்சொல்லின் முழு அழகையும் அவ்வாசகத்தில் காணலாம். ஒரு காலத்தில் அவர் உடலையே பிறர் விற்றனர். பின்னர் அவர் தம் நிழலை மட்டும் தாமே விற்றார். உடல் அவருக்கே உரியதாயிற்று.

மற்றொரு செய்தி இதனினும் வியப்புக்குரியது. படத்தின் உரிமை, எடுத்தவருக்கே சேருவது அக்கால வழக்கம். ட்ரூத் அம்மையாரோ 1864இல் அவ்வுரிமையைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். படத்திலுள்ள முகமும் அவருடையது, அடியிலுள்ள பெயரும் அவர் சூட்டிக்கொண்டது, உரிமையும் அவருடையது. வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்படக் கூடத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்திலும் இன்று அப்படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர் எவரும் ‘யாரோ ஒரு கறுப்பினக் கிழவி’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பெயர் அவரை நிறுத்திவிடுகிறது.

ட்ரூத் அம்மையார் மறைந்த ஆண்டு 1883. அதே ஆண்டில் நம் நாட்டுப் பெண் ஒருவர் அமெரிக்க மண்ணில் அடி வைத்தார். அவர் ஆனந்திபாய் ஜோஷி.

மராட்டிய நாட்டில் கல்யாண் என்னும் ஊரில் 1865 மார்ச் 31ஆம் நாள் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில், அஞ்சல் துறையில் பணியாற்றிய கோபால்ராவ் ஜோஷிக்கு மணம் செய்விக்கப்பட்டார். பதினான்கு வயதில் ஓர் ஆண் மகவைப் பெற்றார். அது பத்து நாளிலேயே இறந்தது. தக்க மருத்துவம் கிட்டாமையே அதற்குக் காரணம் என்பது அவர் உள்ளத்தைத் தைத்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூசி உயிரை விட்ட பெண்கள் அந்நாளில் மிகப் பலர். தாமே மருத்துவம் கற்பது என்று அவர் உறுதி பூண்டார். வங்காளத்தில் சீராம்பூரில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியபோது, இந்துப் பெண்ணாகவே செல்வேன், இந்துப் பெண்ணாகவே திரும்புவேன் என்று உறுதி கூறினார். 1883 ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறினார். அப்போது அவர் வயது பதினெட்டு. கணவர் உடன் செல்லவில்லை.

பிலடெல்பியா நகரில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். பெண்களுக்கென்றே அமைந்த அக்கல்லூரியில் பல நாட்டுப் பெண்கள் பயின்றனர். 1885 அக்டோபர் 10ஆம் நாள் அங்கு எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் மூன்று பெண்கள். சேலை உடுத்த ஆனந்திபாய் ஒருவர்; கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண் கெய் ஒகாமி மற்றொருவர்; சிரியா நாட்டு உடையில் டமாஸ்கஸ் நகரத்துச் சபாத் இஸ்லாம்பூலி மூன்றாமவர். மூவரும் தத்தம் நாட்டு உடையிலேயே இருக்கின்றனர். சீராம்பூரில் ஆனந்திபாய் கொடுத்த வாக்கிற்கு இப்படமே சான்று. பனி பெய்யும் நாட்டில், எல்லாரும் வேறு உடை உடுத்தும் கல்லூரியில், அந்தச் சேலை எத்துணை உறுதியின் அடையாளம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1886 மார்ச் 11ஆம் நாள் அவர் பட்டம் பெற்றார்; மேலைநாட்டு மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரானார். பண்டித ரமாபாய் அவ்விழாவுக்காகக் கடல் கடந்து சென்றிருந்தார். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு ஆனந்திபாய்க்கு அளிக்கப்பட்டது. ஆனால் காசநோய் அவரை விடவில்லை. 1887 பிப்ரவரி 26ஆம் நாள், இருபத்திரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே, புனாவில் அவர் மறைந்தார். கெய் ஒகாமி 1889இலும், சபாத் இஸ்லாம்பூலி 1890இலும் பட்டம் பெற்றுத் தத்தம் நாடு திரும்பினர்.

மூவரும் ஒன்றாக இருந்த அந்தப் படம் இன்றும் பிலடெல்பியாவில் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் அடியில் ஒவ்வொருவர் பெயரும் ஊரும் நாடும் குறிக்கப்பட்டுள்ளன. அக்குறிப்பில் பிழையும் உண்டு. சபாத் என்பது தபாத் என்று ஆகிவிட்டது. சீராம்பூர் என்னும் ஊர்ப்பெயரும் உருமாறிவிட்டது. எனினும், குறிப்பு என ஒன்று இருந்ததனாலன்றோ பிற்கால ஆராய்ச்சியாளர் பிழையைக் கண்டு திருத்த முடிந்தது? எழுதியதில் பிழை இருந்தால் திருத்தலாம். எழுதாமலே விட்டதை எவ்வாறு திருத்துவது?

எழுதாமல் விட்டதற்கு எடுத்துக்காட்டுக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கு நேர் எதிரே இலங்கைக்குச் சென்றால் போதும்.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் அம்மையார் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கம்பெனி அதிகாரி ஒருவரின் மகள். 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகள் ஒரு காமிராவைப் பரிசளித்தாள். அதன்பின் அவர் எடுத்த படங்களால் புகைப்படக் கலை வரலாற்றில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. கவிஞர் டென்னிசன், அறிஞர் டார்வின் முதலியோர் அவர் காமிராவின் முன் அமர்ந்தனர். நடிகை எலன் டெரியும், தம் உடன்பிறந்தாள் மகளான ஜூலியா ஜாக்ஸனும் அவர் எடுத்த பெண்களுட் புகழ்பெற்றவர். ஜூலியா ஜாக்ஸனின் மகளே பிற்காலத்தில் எழுத்தாளராய் விளங்கிய வர்ஜீனியா உல்ஃப். வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹில்லியரை அன்னை மரியாளாக அமர்த்திப் பல படங்கள் எடுத்தார் கேமரன்; அப்பணிப்பெண்ணின் பெயரும் நமக்குத் தெரிகிறது. கேமரனின் படங்கள் இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி கலைக்கூடத்திலும், நியூயார்க், சிகாகோ நகரக் கலைக்கூடங்களிலும் போற்றிக் காக்கப்படுகின்றன.

1926இல் வர்ஜீனியா உல்ஃபின் பதிப்பகம் அப்படங்களைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டது. அதன் தலைப்பில் ஆடவரைப் புகழ்பெற்றவர் என்றும் பெண்டிரை அழகியர் என்றும் குறித்திருந்தனர். ஆணுக்குச் செயலால் சிறப்பு, பெண்ணுக்கு முகத்தால் சிறப்பு என்னும் பழைய எண்ணம் அத்தலைப்பில் தெரிகிறது. ட்ரூத் அம்மையாரின் படமும் ஆனந்திபாயின் படமும் அவ்வெண்ணத்திற்கு மறுப்பாக நிற்கின்றன. அவர்கள் காமிராவின் முன் இருந்தது அவர்கள் செய்த செயலால்.

கேமரனின் கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் அங்குக் குடியேறினர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் அத்தீவின் மலைத்தோட்டங்களில் உழைத்த காலம் அது. களுத்துறையில் இருந்தபோது, உலகம் சுற்றிய ஓவியரான மரியான் நார்த் 1877இல் கேமரனின் வீட்டிற்கு விருந்தினராய் வந்தார். அவருக்குச் சால்வை போர்த்தி, கூந்தலை விரித்து, உச்சி வெயிலில் தென்னங்கீற்றுக் குத்தும்படி நிற்கவைத்து, இயல்பாக இருக்கச் சொல்லிப் படம் எடுத்தார் கேமரன். இதை நார்த் அம்மையாரே தம் வாழ்க்கைக் குறிப்பில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். படத்தில் இருப்பவர் எழுதினார். எனவே வெயிலும் கீற்றும்கூட நமக்குத் தெரிகின்றன.

அதே களுத்துறையில் அந்நாட்டு மக்களையும் கேமரன் படம் எடுத்தார். அவர் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. ஒரு படத்தில் குடியானவர் சிலர் நிற்கின்றனர். பெண்ணின் வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவள் தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் சொல்லுவதாகவும் ஒரு குறிப்பு அதற்கு உண்டு. வயதைக் கேட்டிருக்கிறார்கள், உறவைக் கேட்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் அங்கே இல்லை. அச்சிறுமி சிங்களம் பேசினாளா, தமிழ் பேசினாளா என்றும் அக்குறிப்பு சொல்லவில்லை. அவள் முகம் தெளிவாக இருக்கிறது. ஒளியும் நிழலும் அழகாக அமைந்துள்ளன. அறிஞர் பலர் அப்படத்தைப் பற்றி எழுதியுள்ளனர். ஆனால் அவள் வழிவந்தோர் எவரேனும் இன்று அக்கலைக்கூடத்திற்குச் சென்றாலும், ‘இவர் எங்கள் ஆச்சி’ என்று சொல்ல வழியில்லை.

கேமரனைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. மொழி தெரியாமை காரணமாய் இருந்திருக்கலாம். 1879 ஜனவரி 26ஆம் நாள் அவரும் இலங்கையிலேயே மறைந்தார். பொகவந்தலாவையில் மலைநாட்டுத் தேவாலயம் ஒன்றில் அடக்கமானார். நான் சுட்ட விரும்புவது இதுவே: காமிரா முகத்தை மட்டுமே காக்கும், பெயரைக் காப்பது எழுதுகோலின் வேலை. உயர்ந்த கலையறிவு படைத்தவர் எடுத்த படமாயினும், எழுதுகோல் உதவாவிடில் அதில் இருப்பவர் ‘ஒரு சிறுமி’ ஆகிவிடுகிறார்.

மாணவர்களே! அக்கரையில் ஓர் ஆங்கில அம்மையார் பெயர் எழுதாமல் விட்டதற்கு வருந்துகிறோம். இக்கரையில் நாம் என்ன செய்திருக்கிறோம்?

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையால் தாமிரவருணி கரை மீறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஏரல் கடைத்தெருவிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின் வாசல்தோறும் பாயும் தலையணையும் பாடப் புத்தகமும் வெயிலில் கிடந்தன. அவற்றிடையே சட்டமிட்ட பழைய படங்களும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு வாசலில், காதில் தண்டட்டி அணிந்த ஒரு மூதாட்டியின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மாணவியிடம், ‘யார் அம்மா இது?’ என்று கேட்டேன்.

‘எங்க ஆச்சிக்கு ஆச்சி, ஐயா’ என்றாள்.

‘பெயர்?’

அவள் உள்ளே திரும்பித் தந்தையைக் கேட்டாள். அவர் வெளியே வந்து படத்தைச் சற்று நேரம் பார்த்தார். ‘எங்க அம்மாவுக்குத் தெரியும், சார். அவங்கதான் இப்போ இல்லையே’ என்றார்.

அந்தக் குடும்பத்தை நான் குறை கூறவில்லை. அவர்கள் அப்படத்தை வெள்ளத்திலிருந்து காத்துவிட்டார்கள். பெயர் மட்டும் அதற்கு முன்பே போய்விட்டது. நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் நிலை இதுதான். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அயல் ஆடவர் முன் நிற்கப் பெண்கள் கூசிய காலமும் இருந்தது. அதனால் நம் கொள்ளுப்பாட்டியர் பலர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் படத்திற்கு நின்றிருப்பர். அந்த ஒரு படத்திலும் பாட்டனாரின் பெயர் தெரியும். அருகில் நிற்பவர் ‘அவர் மனைவி’ என்ற அளவில் நின்றுவிடுவார்.

ஆகையால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தேர்வு இல்லாத பாடம் இது. வரும் விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, குடும்பத்தில் மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு படத்திற்கும் நான்கு செய்திகளைக் கேளுங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், உங்களுக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்த ஆண்டு அல்லது எந்த நிகழ்ச்சி. பெண்ணாயின் அவருடைய சொந்தப் பெயரையே முதலில் எழுதுங்கள். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்பது அதன்பின் வரட்டும். அவர் பிறந்த ஊரையும் கேளுங்கள். அவர் என்ன செய்தார் என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள்: பனையோலைப் பெட்டி முடைந்தாரா, வாழைத் தோட்டத்தில் உழைத்தாரா, ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தாரா?

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். படத்தின் முகப்பில் எழுதலாகாது. பின்புறத்தில், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்புறம் தடமாய்த் தெரியும், மையும் ஊறும். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உலர்ந்தபின் பிய்த்து எடுக்க முயலாதீர்கள். படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடே போய்விடும். அதை அப்படியே வைத்துக் கண்ணாடியின் மேலாகவே ஒரு படி எடுத்துக்கொள்வது நன்று. எழுதிய குறிப்புகளை ஒரு நோட்டுப் புத்தகத்திலும் பதிந்து வையுங்கள். ஒன்று அழிந்தால் மற்றொன்று உதவும்.

இன்று கைப்பேசியில் நாள்தோறும் படம் எடுக்கிறோம். ஒரு திருமணத்தில் எடுக்கும் படங்களின் எண்ணிக்கை, நம் கொள்ளுப்பாட்டியின் ஊர் முழுவதிலும் அக்காலத்தில் இருந்த படங்களைவிட மிகுதியாக இருக்கலாம். ஆனால் அவற்றுள் பெயர் எழுதியவை எத்தனை? படங்கள் பெருகியதால் மட்டும் நினைவு பெருகிவிடாது. ஆண்டிற்குப் பத்துப் படங்களையேனும் காகிதத்தில் எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள்.

எமிலி ஹவுலண்ட் என்னும் அமெரிக்க ஆசிரியை ஒருவர், தம் நண்பர்களின் படங்களை ஒரு தொகுதியில் சேர்த்துக் காத்து வந்தார். அதில் இருந்தவை 49 படங்கள். அடிமைகள் பலரை விடுதலைக்கு அழைத்துச் சென்ற வீராங்கனை ஹாரியட் டப்மனின், உலகம் அதுவரை கண்டிராத ஒரு படமும் அதில் இருந்தது. 2017இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகமும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக் கலைக்கூடமும் சேர்ந்து அத்தொகுதியை வாங்கின. கலைக்கூடம் காப்பதற்கு முன், வீட்டில் ஒருவர் காத்திருக்க வேண்டும் என்பதை அத்தொகுதி நமக்குச் சொல்கிறது.

உங்கள் வீட்டிலும் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இன்று இருக்கிறார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.